தரை தொட்ட பெடல்: எம்.ஜி.பி. காரில் கிளட்ச் எழாமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

கிளட்ச் பெடல் எழாமை எனப்படுவது, மிதித்த கால் விலகிய பின்னும் பெடல் மிதித்த இடத்திலேயே கிடப்பது. கார் வைத்திருப்போர் இந்த ஒரே பெயரால் மூன்று நிலைகளைக் குறிக்கின்றனர். தரையோடு தரையாகக் கிடந்து, ஷூவின் நுனியைக் கீழே நுழைத்து நெம்பினாலொழிய வராத பெடல் முதலாவது. வருவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எழுவது இரண்டாவது. பாதி வழி வந்து நின்றுவிடுவது மூன்றாவது. இவற்றை முறையே முழு எழாமை, தாமத எழுச்சி, அரை எழுச்சி என்று கொள்ளலாம். பெடல் குறையின்றி எழுந்தும் கியர் விழாத நான்காம் நிலை ஒன்றும் உண்டு. அது இந்த ஆய்வின் எல்லைக்குப் புறம்பானது. ஆயினும் எல்லோரும் அதை உள்ளே இழுத்து வருவதால் கடைசியில் அதற்குச் சிறிது இடம் தர வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கார் எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிறு நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். 1798 சி.சி. எஞ்சின், மடக்கக்கூடிய கூரை, கூரை நிலையாக உள்ள ஜி.டி. வகையும் உண்டு. 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் கணிசமானவை இன்னும் இங்கிலாந்தின் கொட்டகைகளில் போர்வைக்கடியில் இருக்கின்றன. போர்வை இங்கே முக்கியம். குளிர்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். உப்பு பட்டால் பழைய காரின் தகடு துருவாக உதிரும். ஆகவே இலையுதிர்காலத்தில் உள்ளே போன கார் வசந்தத்தில்தான் வெளியே வரும். இடைப்பட்ட மாதங்களில் ரப்பரும் திரவமும் உலோகமும் அசைவின்றி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. தினமும் ஓடும் காருக்கு எழாமை அரிது. ஆண்டின் முதல் வெயில் நாளில், கூரையை மடக்கி வைத்து, பக்கத்து இருக்கையில் ஆளும் ஏறி உட்கார்ந்த பிறகே இந்நோய் தெரியவரும்.

மேலெழுப்பும் விசை

எம்.ஜி.பி.யின் கிளட்ச் பெடல் தரையிலிருந்து முளைப்பதன்று, மேலிருந்து தொங்குவது. எஞ்சின் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகரப் பெட்டி ஒன்றில் அதன் அச்சு இருக்கிறது. பிரேக் பெடலும் அருகிலேயே தொங்குகிறது. பெடல் தண்டின் மேற்பகுதியில் ஒரு துளை, துளையில் ஒரு பின், பின்னில் ஒரு தள்ளுகோல். தள்ளுகோல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் உலோகக் குழாயிலும் அதன்பின் ரப்பர் ஹோஸிலும் ஓடி, கியர்பாக்ஸின் முன்பக்கம் பொருத்திய ஸ்லேவ் சிலிண்டரை அடையும். அங்கே இன்னொரு பிஸ்டன் இன்னொரு தள்ளுகோலைத் தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க், கிராஃபைட் வளையம் பதித்த ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங், பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங்கைத் தள்ளும். இத்தனை பேர் தள்ளியபின் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலை விட்டு மயிரிழை விலகும். ஒரு வேலையை ஒருவரே நேரடியாகச் செய்துவிடக் கூடாது என்னும் நிர்வாகக் கொள்கை எஞ்சினியரிங்கில் இவ்வளவு தூய வடிவில் வேறெங்கும் கிடைப்பது கடினம்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பிளேஸ் பாஸ்கல் கண்ட உண்மை. திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அவர் மறைந்த மறு ஆண்டில், 1663இல், அச்சேறியது. அவர் விதி மூடிய பாத்திரத்துக்கே பொருந்தும். கசியும் பாத்திரத்துக்கான விதியை எம்.ஜி.பி. உரிமையாளர்கள் சொந்தச் செலவில் வகுத்து வருகின்றனர்.

பெடலைத் தூக்குவது எது? பெட்டிக்குள் பெடலோடு மாட்டியிருக்கும் சுருள் ஸ்பிரிங் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அது கண்ணுக்குத் தெரிவதும், விலை மலிவானதும், பெயரிலேயே தன் தொழிலைச் சொல்வதும் இக்கொள்கை பரவக் காரணங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே பிஸ்டனைப் பின்னே அனுப்பும் சிறு ஸ்பிரிங் ஒன்று உண்டு. அதற்கும் சில ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு தூக்குவது டயாஃப்ரம் ஸ்பிரிங்தான். அழுத்தி வளைக்கப்பட்ட அந்த எஃகுத் தட்டு தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பேரிங்கைத் தள்ள, பேரிங் ஃபோர்க்கைத் தள்ள, முன்பு சொன்ன சங்கிலி முழுவதும் தலைகீழாக நடந்து பெடல் மேலே வருகிறது. கால் இறங்கும்போது கொடுத்ததைத்தான் கிளட்ச் திருப்பித் தருகிறது. பெடல் ஸ்பிரிங்கின் பங்கு, கடைசி ஓரிரு அங்குலத்தைப் பூர்த்தி செய்து பெடலை ஆடாமல் வைப்பது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு சிறியது, ஆனால் கொட்டகைகளில் அரிதாகவே ஏற்றுக்கொள்ளப்படுவது: எழாத பெடல் பெரும்பாலும் எழத் தவறிய பெடல் அன்று, இறங்கும்போது எதையும் தள்ளாமல் இறங்கிய பெடல். டயாஃப்ரம் வளையவே இல்லையென்றால் அது நிமிர்ந்து எதைத் தூக்கும்? நோய் தெரிவது காலை எடுக்கும்போது. நோய் நடப்பது காலை வைக்கும்போது. திரும்பி வருவதில் கோளாறு என்று எழுதி, திரும்பி வரவைக்கும் ஸ்பிரிங்கை வாங்கி மாட்டி, பளபளக்கும் புதிய ஸ்பிரிங்கோடு அதே இடத்தில் கிடக்கும் பெடலை வெறித்துப் பார்ப்பவர்கள் இந்த நுட்பத்தைத் தவறவிட்டவர்கள்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. எம்.ஜி.பி.யின் லாக்ஹீட் சிலிண்டர்களும் போர்க் அண்ட் பெக் கிளட்ச்சும் லெமிங்டன் ஸ்பாவில் இருந்த ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் சரக்கு. தள்ளுபவரும் தள்ளப்படுபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆகவே பழி இருவருள் யாருக்கு என்ற வழக்கைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

ஆராய்ச்சி முறை

நிகழ்தகவு மிகுந்த காரணத்தை முதலில் தேடு என்பது நூல்களின் அறிவுரை. உரிமையாளர் தேடுவது வேறொரு வரிசையில். உடல் நோவு குறைந்த காரணமே அவருக்கு முதலில் நிகழ்தகவு மிகுந்ததாகத் தோன்றுகிறது. நின்றபடி பார்க்கக்கூடிய கோளாறு எப்போதும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதைவிட நம்பத்தக்கது. காருக்கு அடியில் படுத்தால்தான் தெரியும் என்ற கோளாறு வதந்தி என்றே முதலில் ஒதுக்கப்படும். வைணவத் தலங்களில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருவதுபோல், பழைய கார் வைத்திருப்பவரும் இம்மூன்று கோலங்களில்தான் காணக்கிடைக்கிறார். அந்த வரிசையையே இவ்வாராய்ச்சியும் பின்பற்றுகிறது. நடைமுறையை மதிக்காத ஆராய்ச்சிக்கு வாசகர் இல்லை.

காண்டல், கருதல், உரை என்று தமிழ் அளவை நூல்கள் அறிவின் வழிகளை மூன்றாகப் பகுக்கின்றன. கிளட்ச் ஆய்வில் மூன்றாவதே முதலில் வரும். கார் சங்கத்து மூத்தவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். எம்.ஜி. கார் கிளப் 1930இல் தொடங்கியது. சொல்லிப் பழக அவர்களுக்கு நிறையக் காலம் கிடைத்திருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் அவர்களுடைய காருக்குக் கடைசியாக வந்த காரணமாக இருக்கும்.

நின்ற கோலம்

பானெட்டைத் தூக்கியதும் கண்ணில் படுவது மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் கிண்ணம். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் தனித்தனிக் கிண்ணங்கள் இருப்பதால், எது எது என்று தெரியாமல் பிரேக் கிண்ணத்தைத் திறந்து பார்த்து ஆயில் நிறைய இருப்பதாக மகிழ்வது இந்தக் கட்டத்தின் வழக்கமான பிழை. கிளட்ச் கிண்ணம் வற்றியிருந்தால் ஆய்வு ஒருவகையில் முடிந்தது, இன்னொரு வகையில் தொடங்கியது. ஆயில் ஆவியாகிப் போவதில்லை, எங்கோ போயிருக்கிறது. அது போன இடத்தைத் தேடாமல் மேலே ஊற்றி மூடுவது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதே ஆய்வைத் தள்ளிவைப்பதாகும்.

கிண்ணத்து மூடியில் காற்று புக ஒரு நுண்துளை இருக்கிறது. அது அழுக்கால் அடைபட்டால் உள்ளே ஆயில் இறங்க இறங்க வெற்றிடம் உண்டாகி, பெடல் திரும்புவதைத் தடுக்கும் என்போர் உளர். கோட்பாட்டளவில் மறுக்க முடியாது. மூடித்துளைக் கொள்கைக்கு இத்தனை ஆதரவு இருப்பதற்குக் காரணம், ஒரு குண்டூசியால் தீர்ந்துவிடும் பழுது என்ற கவர்ச்சியே. குத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில்தான் சமயப் போர் நடக்கிறது. டாட் 3, டாட் 4 என்ற வகைகள் கிளைக்கால் அடிப்படையில் ஆனவை. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் குடித்தபின் 155 டிகிரி தாங்கினால் போதும். கிளட்ச் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் கொதிநிலை இங்கே பெரிய விஷயமன்று. ஈரம்தான் விஷயம். குளிர்காலம் முழுக்க அசையாத பிஸ்டனின் ஓரத்தில் அந்த ஈரம் உட்கார்ந்து சிலிண்டர் சுவரை அரித்துக் குழி பறிக்கும். வசந்தத்தில் பிஸ்டன் நகரும்போது அந்தக் குழி ரப்பர் கப்பின் உதட்டைக் கீறும். இதற்கு மாற்றாக டாட் 5 என்னும் சிலிக்கோன் வகை வந்தது. ஈரம் குடிக்காது, சிந்தினால் பெயின்ட்டை உரிக்காது. ஆனால் காற்றுக் குமிழிகளை எளிதில் விடாது. உள்ளே புகுந்த நீரைத் தன்னில் கரைக்காததால் அந்நீர் தாழ்ந்த இடமான ஸ்லேவ் சிலிண்டரில் போய்த் தேங்கும். இரு வகையையும் கலக்கவே கூடாது. இதனிடையே டாட் 5.1 என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அது டாட் 5க்குத் தம்பி அன்று, டாட் 4க்கு உறவு. எண்ணிட்டவர்களின் நோக்கம் இன்றுவரை ஆராயப்படவில்லை.

ஒரே ஒரு செயலை மட்டும் எச்சமயத்தாரும் ஒப்பார்: அலமாரியில் கைக்கெட்டிய எஞ்சின் ஆயிலை இந்தக் கிண்ணத்தில் ஊற்றுவது. கனிம எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் கப்புகள் ஊறி உப்பிவிடும். உப்பிய கப்பு சிலிண்டருக்குள் இறுகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மேலே வகுத்த விதிக்கு இது விலக்கு. உள்ளபடியே எழ முடியாமல் தவிக்கும் பெடல் இதுதான். இதற்கு மருந்து ஊற்றியதை உறிஞ்சி எடுப்பதன்று. ரப்பர் என்று பெயருள்ள ஒவ்வொன்றையும், ஹோஸ் உட்பட, மாற்றுவது.

இருந்த கோலம்

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து செய்யும் ஆய்வுகளில் முதலாவது மிதியடி பற்றியது. சுருண்ட தரைவிரிப்பு பெடலின் அடியிலோ மேலோ சிக்கிக்கொண்டு முழு எழாமையை அப்படியே நடித்துக் காட்டும். இக்காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனவே இது எவ்வளவு பரவலானது என்று கணிப்பதற்கில்லை. கண்டுபிடித்தவர் அந்தப் பகல் முழுவதும் ஹைட்ராலிக்ஸைச் சரிசெய்ததாகவே வீட்டில் சொல்லியிருப்பார்.

அடுத்தது இருவேக மிதிப்பு. இது கருதல் அளவையின் உச்சம், கருவி எதுவும் வேண்டாத பரிசோதனை. எஞ்சின் ஓட, பெடலை ஒருமுறை சட்டென்று மிதித்துக் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒருமுறை மிக மெதுவாக மிதித்துப் பார்க்க வேண்டும். சட்டென்று மிதித்தால் கியர் விழுகிறது, மெதுவாக மிதித்தால் பெடல் எதிர்ப்பின்றி மூழ்கி அங்கேயே தங்கிவிடுகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் முதன்மைக் கப்பு தேய்ந்திருக்கிறது. வேகமாகத் தள்ளும்போது கப்பின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது; மெதுவாகத் தள்ளும்போது ஆயில் அதன் ஓரமாக நழுவிப் பின்பக்கம் போய்விடுகிறது. கிண்ணத்தில் ஆயில் ஒரு சொட்டும் குறைந்திருக்காது என்பதுதான் இதிலுள்ள சூது. ஆயில் அளவு சரியாயிருக்கிறது, ஆகவே மாஸ்டர் சிலிண்டர் நன்றாயிருக்கிறது என்ற வாதத்தால் குற்றமற்ற ஸ்லேவ் சிலிண்டர்கள் பல கழற்றப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, தொடர் மிதிப்பு. முதல் மிதியில் தரையிலும், மூன்று நான்கு மிதிகளுக்குப் பிறகு உயரத்திலும் நிற்கும் பெடல், உள்ளே காற்று இருப்பதற்கோ கப்பு தளர்ந்ததற்கோ அடையாளம். காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் பின்வாங்க, கிண்ணத்து ஆயில் கப்பின் ஓரத்தைத் தாண்டி முன்னால் புகுகிறது. அடுத்த மிதிக்குத் தள்ளக் கூடுதலாகச் சரக்கு கிடைக்கிறது. இதைக் கண்டுகொண்ட ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலிலும் இடக்காலால் தாளம் போட்டபடி பல மாதங்கள் ஓட்டிவிடுகிறார்கள். நோயைத் திறமையாக ஏற்றுக்கொள்ளும் இம்முறையைச் சிகிச்சை என்று கருதுவோரும் உண்டு.

காற்றின்மீது சுமத்தப்படும் பழி பெரும்பாலும் மிகை. காற்று அமுங்கும், காலை எடுத்தால் விரியும். ஆகவே காற்று புகுந்த பெடல் பஞ்சுபோல் இருந்தாலும் ஓரளவு எழவே செய்யும். காற்று பெடலைத் திருப்பித் தந்துவிடும், வேலையைத்தான் தராது.

இனி இருக்கையிலிருந்து நழுவி, தலையைப் பெடல்களுக்கு நடுவிலும் கால்களை இருக்கையின் சாய்மானத்தின் மேலும் வைத்து டார்ச்சைப் பல்லில் கடிக்கும் கோலம். தலமரபில் இதற்கு முன்மாதிரி இல்லை. இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கக் கப்பு கசிந்தால் ஆயில் தள்ளுகோல் வழியே பெடல் தண்டில் இறங்கும். வழியெல்லாம் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கும். ஷூவின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதையும் சான்றாகக் கொள்ளலாம்.

அடுத்து அந்தப் பின். தள்ளுகோலைப் பெடலோடு சேர்க்கும் இந்தச் சிறு எஃகுத் துண்டு பல்லாயிரம் மிதிகளுக்குப் பிறகு நடுவில் இடுப்பு ஒடுங்கிப் போகும். பெடலிலுள்ள வட்டத்துளை நீள்வட்டமாகும். பெடலை விரலால் ஆட்டிப் பார்த்தால், தள்ளுகோல் அசையத் தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரம் தெரியும். அந்தத் தூரம் முழுவதும் கிளட்ச்சுக்குப் போகாமல் போன உழைப்பு. இத்தேய்மானம் தனித்து நின்று பெடலைத் தரையில் கிடத்தாது. மற்றொரு கோளாறோடு சேர்ந்தால் கிடத்தும்; அப்போது பழி முழுவதும் அந்த மற்றொன்றுக்கே போகும். புதுப் பின் மிகச் சொற்ப விலை. நீண்ட துளையை வெல்டு வைத்து அடைத்துத் திரும்பத் துளையிட வேண்டும், அல்லது உள்ளே புஷ் அடிக்க வேண்டும். புதுப் பின்னை ஓட்டைத் துளையில் போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்திருப்பதே பெருவழக்கு.

பெடலின் அச்சுப் போல்ட் கிரீஸ் காணாமல் துருப்பிடித்திருந்தால் பெடல் எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்தில் நிற்கும். தள்ளுகோல் பின்னைக் கழற்றிவிட்டுப் பெடலை மட்டும் கையால் ஆட்டினால் இது உடனே வெளிப்படும். முறிந்த ஸ்பிரிங்கும் இங்கேயே தெரியும். மாற்ற வேண்டியதுதான், ஆனால் அதனிடம் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரை வெளியே எடுப்பதென்று தீர்மானித்தவர், பெட்டியின் மூடித் தகட்டைக் கழற்றியாக வேண்டும். அதன் திருகுகள் பல ஆண்டுகளாக ஒன்றாக இருந்து பழகியவை, பிரிய மாட்டா. சிலவற்றை எஞ்சின் அறையிலிருந்தும் சிலவற்றை வேறு கோணத்திலிருந்தும் அணுக வேண்டியிருப்பதால், தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது பாதித் திருகுகளோடு நிறுத்திக்கொள்வது ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறது. கழற்றிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் பொருத்துக என்று பழுதுபார்ப்புக் கையேடுகள் ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் இடம் இது. அந்த ஒரு வரி நிறைவேற ஒரு வாரக் கடைசி ஆகும்.

கிடந்த கோலம்

காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே இக்கோலம் மேற்கொள்ளத்தக்கது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போவது ஆராய்ச்சி ஆகாது. நகைச்சுவைக்கும் இடமில்லாத இடம் இது.

மல்லாந்து பார்த்தால் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை தெரியும். அதை விலக்கும்போது ஆயில் ஒழுகினால் உள்ளே கப்பு போய்விட்டது. வறண்டிருந்தால், மேலே ஒருவரை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லித் தள்ளுகோலின் நகர்வை அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம் நகர்ந்தால் ஹைட்ராலிக் பகுதி தன் கடமையைச் செய்கிறது. அதைவிட வெகுவாகக் குறைந்தால் கோளாறு மேலே இருக்கிறது. இந்த ஒரே அளவீடு ஆய்வுப் பரப்பை இரண்டாகப் பிளந்துவிடும். இதிலிருந்து தொடங்கியிருந்தால் மேற்சொன்ன இரு கோலங்களிலும் பாதி தேவைப்பட்டிராது. எனினும் யாரும் இதிலிருந்து தொடங்கியதாகத் தெரியவில்லை.

அளவீட்டில் அறிவியல் சார்ந்த சிக்கல் ஒன்று உண்டு. மிதிப்பவர் காணார், காண்பவர் மிதியார். மேலிருப்பவர் தான் முழுதும் மிதித்துவிட்டதாகச் சொல்வதைக் கீழிருப்பவர் நம்புவதில்லை. கீழிருப்பவர் ஒன்றும் நகரவில்லை என்று சொல்வதை மேலிருப்பவர் தன்மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறார். இருவரும் கணவன் மனைவியாயிருப்பின் முந்தைய ஆண்டுகளின் வேறு அளவீடுகளும் விவாதத்துக்கு வரும்.

தாமத எழுச்சிக்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான், ரப்பர் ஹோஸில், ஒளிந்திருக்கிறது. வெளியே புதிதுபோல் இருக்கும் ஹோஸ் உள்ளே வயதாகி ஊதிச் சதை போட்டிருக்கும். மிதிக்கும் கால் தரும் அழுத்தம் பெரிது. அது அடைப்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். திரும்பும் ஆயிலுக்கு அந்த வலு இல்லை. அது ஊசித்துளையில் ஊர்ந்து வரும். அடைப்பு முற்றினால் இன்னும் விசித்திரமான காட்சி கிடைக்கும்: பெடல் ஸ்பிரிங்கின் உதவியால் பெடல் மேலே வந்துவிடும், கிளட்ச் மட்டும் சேராமல் கீழேயே நிற்கும், ஆக்சிலேட்டரை அழுத்த எஞ்சின் கத்தும், கார் நகராது. சோதிக்க எளிய வழி, பெடலை மிதித்துக் காலை எடுத்தபின் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்துவது. ஆயில் பீச்சியடித்துத் தள்ளுகோல் உடனே பின்வாங்கினால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். மேலே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் நுண்துளை அடைபட்டாலும் இதே விளைவு வரும் என்பதால், அடுத்து மாஸ்டர் சிலிண்டரின் குழாய் இணைப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். மேலே தளர்த்தியதும் கிளட்ச் சேர்ந்தால் குற்றவாளி சிலிண்டர், சேராவிட்டால் ஹோஸ். ஹோஸைக் கீறிப் பார்த்து ஆராய்வது சுவையானது, மாற்றுவது பயனுள்ளது.

எதை மாற்றினாலும் கடைசியில் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதி, பிடி, திற, மூடு, விடு என்ற ஐந்து கட்டளைகளால் ஆன இச்சடங்கில் நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறினால் காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சடங்கு முதலிலிருந்து தொடங்கும். குழாய் மேலும் கீழுமாக வளைந்து போவதால் குமிழிகள் மேட்டில் தங்கிக்கொள்ளும். மேலிருந்து கீழே தள்ள அவை இசையா. எனவே கீழிருந்து மேலே தள்ளுவது சிறந்தது. எண்ணெய்க் குப்பியின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஸ்லேவ் நிப்பிள் வழியே புது ஆயிலை மெல்ல மேலேற்றினால் குமிழிகள் தங்கள் இயல்பான திசையிலேயே போய்க் கிண்ணத்தில் வெடித்து மறையும். முன்சக்கர பிரேக் காலிப்பரின் நிப்பிளையும் கிளட்ச் நிப்பிளையும் ஒரு குழாயால் இணைத்து, பிரேக் பெடலை மிதித்துக் கிளட்ச்சுக்கு ஆயில் ஏற்றும் குறுக்குவழியும் உண்டு. ஓர் உறுப்பின் நோய்க்கு அண்டை உறுப்பைக் கொண்டே மருத்துவம் பார்க்கும் இந்த முறை திறமையானதே. கிண்ணம் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க மேலே ஓர் ஆள் வேண்டும். வழிந்தால் பெயின்ட் போகும்.

எஞ்சின் இறங்கிய நிலை

ஸ்லேவ் தள்ளுகோல் அரை அங்குலமும் நகர்கிறது, பெடலோ கோளாறாகவே இருக்கிறது என்றால், எஞ்சியிருப்பவை ஃபோர்க், அதன் அச்சு, ரிலீஸ் பேரிங், டயாஃப்ரம். நான்கும் மூடிய உறைக்குள் இருக்கின்றன. எம்.ஜி.பி.யில் அந்த உறையைத் திறக்க எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். இதை அறிந்த கணத்தில் உரிமையாளர்கள் பலரும் மூடித்துளைக் கொள்கைக்குத் திரும்பிப் போய்க் குண்டூசியை மறுபடியும் தேடுவது கவனிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே விரிவாகச் சொல்ல அதிகமில்லை. கிராஃபைட் வளையம் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் தானாக முன்னே நகர்ந்து ஈடுகட்டும்; ஆகவே தேய்மானம் பெடலில் தெரியாது. முழுதும் தேய்ந்தபின் இரும்பு இரும்பில் உரசும் ஒலி மட்டும் கேட்கும். சிக்னலில் கியரில் நின்றபடி கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருப்பதும், ஓடும்போது பெடலின்மேல் காலை இளைப்பாற வைப்பதும் இதன் ஆயுளைக் குறைக்கும். டயாஃப்ரத்தின் விரல்கள் முறிந்தால் பெடலைத் தூக்கும் மூலவிசையே குன்றும். பெடல் இளகிக் கீழே தங்கும். எஞ்சினை இறக்கியவர்கள் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுகிறார்கள். இது சிக்கனமன்று, அச்சம். இரண்டாம் முறை இறக்க நேருமோ என்ற அச்சம். நியாயமான அச்சம்.

நான்காம் நிலை

பெடல் கம்பீரமாக எழுகிறது, இறங்குகிறது, எதிர்ப்பும் திடமாக இருக்கிறது. கியர் மட்டும் கரகரத்து மறுக்கிறது. குளிர்காலத்து ஈரத்தில் கிளட்ச் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பிரஷர் பிளேட் விலகினாலும் ஒட்டிய பிளேட் விலகாது. ஹைட்ராலிக் பகுதியில் எதை மாற்றினாலும் இதற்குப் பயனில்லை. முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு நன்கு சூடாக்கி, பிறகு அதை அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுதும் மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் கால்பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சிறிது நேரம் இயக்கினால் பல சமயம் ஒரு வெடிப்பொலியோடு பிளேட் விடுபடும். விடுபடாவிட்டால் எஞ்சினை இறக்க வேண்டும். குளிர்காலத்தில் கொட்டகையில் நிற்கும் காரின் கிளட்ச் பெடலை ஒரு மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்து அழுத்தியே வைத்திருப்பது இதைத் தடுக்கும். வசந்தத்தில் அந்தச் சட்டத்தை எடுக்க மறந்தவர்களின் பெடல் எழாமை இக்கட்டுரையின் எந்த வகையிலும் அடங்காது.